முன்பக்கம் ஏறிய மன்னிப்பு

ஆன்மீகக் கட்டுரை எழுதி, அதை இணையத்தில் முன்பக்கம் ஏற்றுவது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். சுற்றி வளைத்து ஆயிரம் வார்த்தை சொல்வார். என்னைக் கேளுங்கள். நாலு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். முதலில் வேண்டியது ஒரு முதுகு.

ஆமாம், முதுகுதான். எழுதுகிறவர் முகத்தைக் காட்டினால் வாசகர்களுக்கு நம்பிக்கை வராது. மொட்டை மாடியில், தொடுவானத்தைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. வலது பக்கம் அடுத்த வீட்டுக்காரியின் போர்வை காய்கிறது. இரண்டையும் படத்திலிருந்து வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஞானம். அந்தப் படத்துக்காக நாற்பது தடவை பொத்தானை அமுக்கினேன். "தோள கொஞ்சம் தளத்தி வைங்க" என்று நான் சொன்னதற்கு, "நீ வாய மூடிட்டு எடு, அமைதி கலையுது!" என்று அவர் போட்ட கத்தலில் போர்வைக்காரி எட்டிப் பார்த்தாள்.

அந்த ஞானிக்கு வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பத்தொன்பது வருடமாக ஒரே பயிற்சிப் பள்ளி. அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த வெள்ளைக் கார். படிக்க வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இடி'. கியர் மாற்றும்போது ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும், "அது என்ன கியரா, உங்க வீட்டு அண்டாவா?" என்பார். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் நடுரோட்டில் காரை நிறுத்தி, இறங்கி, பஸ் பிடித்துப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவிய கையோடு அவர் எழுதிய கட்டுரையின் பெயர் 'பொறுமை என்னும் பெருங்கொடை'. ஊருக்குத்தானே உபதேசம்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாதனங்கள் பழுது பார்க்கும் நிலையத்தில் புகார் எழுதிக்கொள்ளும் மேசை என்னுடையது. "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, அதுவா நின்னுபோச்சு" என்று ஒரு நாளைக்கு முப்பது பேர் சொல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு வரியை விழுங்கிவிட்டுத்தான் பேசுவார்கள். விழுங்கின வரி எது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இதனால் எனக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. என் வீட்டுக்காரர் மேல் இருந்த கொஞ்சமும் இப்போது இல்லை.

அவர் எழுதும் தளத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிடித்தால் வாசகர்கள் 'கைதட்டல்' பொத்தானை அமுக்குவார்கள். ஆனால் கூட்டம் வர வேண்டுமென்றால் 'முன்பக்கக் குழு' என்று ஒரு குழு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து முன்னால் போட வேண்டும். போட்டால் ஆயிரக்கணக்கில் படிப்பார்கள். போடாவிட்டால் பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் சொந்தக்காரர்கள், மீதி இரண்டும் நான், வீட்டில் ஒரு தடவை, ஆபீஸில் ஒரு தடவை.

முதல் இரண்டு வருடம் அவர் 'மனம் என்றால் என்ன', 'மௌனம் என்றால் என்ன', 'என்ன என்றால் என்ன' என்கிற ரீதியில் எழுதித் தள்ளினார். குழுவிடமிருந்து ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும்: 'கருத்து நன்று. உங்கள் சொந்த அனுபவம் எங்கே?'

"சொந்த அனுபவமாம்!" என்று சமையலறை வாசலில் வந்து நின்று குதிப்பார். "நான் என்ன கொலையா பண்ணேன்? ஜெயிலுக்கா போனேன்? வீடு, வண்டி, வீடு. இதுல எங்கேர்ந்து அனுபவம் கொண்டுவர்றது?"

"உங்க கோவத்தப் பத்தி எழுதுங்களேன். அது சொந்தம்தானே" என்றேன்.

எழுதினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வங்கி அம்மாளை அழவைத்ததை உள்ளது உள்ளபடி, வெட்கப்பட்டு எழுதினார். அவர் எழுதியதிலேயே நான் முழுசாகப் படித்த ஒரே கட்டுரை அது. கைதட்டல் பதினான்கு. முன்பக்கம் ஏறவில்லை. கீழே ஒருவர், 'இப்படிப்பட்டவர் எல்லாம் ஆன்மீகம் எழுத வந்துவிட்டார்' என்று கருத்துப் போட்டிருந்தார். அன்றோடு உண்மைக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது.

அடுத்த வாரம் பயிற்சிப் பள்ளி முதலாளி எல்லார் எதிரிலும் இவரை ஏதோ திட்டிவிட்டார். இவர் வந்து, 'என்னை அவமதித்தவரை நான் மன்னித்தபோது' என்று எழுதினார். முன்பக்கம்! ஆயிரத்து இருநூறு கைதட்டல்! கண்கலங்கினேன், விழித்தேன், மலர்ந்தேன் என்று கருத்துகள். தூக்கத்தில் தங்கம் கிடைத்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார். சூத்திரம் பிடிபட்டுவிட்டது. நாம் தப்பு செய்தோம் என்று எழுதினால் வாசகன் நம்மைக் குனிந்து பார்க்கிறான். அடுத்தவன் செய்த தப்பை மன்னித்தோம் என்று எழுதினால் நிமிர்ந்து பார்க்கிறான்.

அதற்குப் பிறகு மன்னிப்பு எங்கள் வீட்டில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஓடியது. போர்வைத் தண்ணீர் சொட்டியதற்காக அடுத்த வீட்டுக்காரியை மன்னித்தார். கூட்டத்தில் முதலில் தன் கையைக் குலுக்காத சொந்த அண்ணனை மன்னித்தார். தவறான பல்லைத் தட்டிப் பார்த்த பல் டாக்டரை மன்னித்தார். என்னை மூன்று தடவை மன்னித்திருக்கிறார். மூன்றாவது, அவர் தியானத்தில் இருந்தபோது மிக்ஸி ஓட்டியதற்கு. சரக்கு தீர்ந்தால் அவரே சண்டையை மூட்டுவார். வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்ப வேண்டும் என்பதால் வியாழக்கிழமைகளில் வீட்டில் நிற்க முடியாது. கடைசியில் நானே வியாழன் காலை ஒரு குத்தல் பேச்சு பேசிவிட்டு ஆபீஸ் கிளம்புவேன். பாவம், எழுத ஏதாவது வேண்டாமா?

இன்னொரு யோசனை. கட்டுரை வெளியான முதல் ஒரு மணி நேரத்தில் கைதட்டல் விழ வேண்டுமாம், அப்போதுதான் குழுவின் கண்ணில் படுமாம். அதனால் சொந்தக்காரர்களைப் பிடிக்க வேண்டும். 'நம்ம குடும்பம்' என்று வாட்ஸ்அப்பில் இருபத்து மூன்று பேர் உள்ள குழு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. கட்டுரை வந்த நிமிடமே அதில் அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராகப் போன் செய்வார். "படிச்சியா? படிக்காட்டியும் பரவால்ல, கைதட்டிரு." அந்தக் குழுவில் என் தங்கையின் கணவனும் இருந்தான். தங்கை அவனை விட்டுப் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியும் அவனைக் குழுவிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் மனஸ்தாபம் வரும் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தங்கை ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்கு ஏற்ப லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. விரல் நுனி எப்போதும் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். அவளுக்கு ஆறு வயதுப் பெண். வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டி. குட்டியைத் தன்னிடம் கொடுக்க வேண்டும் என்று தங்கையின் கணவன் வழக்குப் போட்டிருந்தான். பள்ளிக்கூடப் படிவத்தில் அவள் எந்த வகுப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது அவனுக்கு. தோற்கப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை தங்கைக்கு வேலை அதிகம். பள்ளியிலிருந்து குட்டியைக் கூட்டி வரச் சொல்லி ஞானியிடம் கேட்டாள். அவரும் பயிற்சிக் காரிலேயே போய்க் கூட்டிக்கொண்டார். வரும் வழியில், ஓட்டுநர் தேர்வு நடக்கும் மைதானத்தில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. குட்டி பின் சீட்டில் தூங்கிவிட்டாள். கண்ணாடியை ஏற்றி, காரைப் பூட்டிவிட்டுப் போனார். கையெழுத்து வாங்க ஐந்து நிமிடம். அதற்குள் அவருக்கு ஒரு வரி உதித்துவிட்டது. கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து போனில் தட்ட ஆரம்பித்தார். 'இந்தக் கணத்தில் வாழ்வது எப்படி' என்பது தலைப்பு. நாற்பது நிமிடம் அந்தக் கணத்தில் வாழ்ந்தார்.

வெயிலில் நின்ற காருக்குள்ளிருந்து குட்டி கண்ணாடியைத் தட்டுவதை வேறொரு பயிற்சியாளர்தான் பார்த்தார். சத்தம் போட்டு, சாவி வாங்கி, கதவைத் திறந்தார். குட்டி வாந்தி எடுத்திருந்தாள், பேச்சு வரவில்லை. தண்ணீர் கொடுத்து, நிழலில் படுக்கவைத்து, டாக்டரிடம் கொண்டு போனார்கள். ஒன்றும் ஆகவில்லை. நான் போனபோது ஞானி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். அந்த முதுகை யாரும் படம் எடுக்கவில்லை.

தங்கை ஓடி வந்தாள். குட்டியின் முகத்தைத் துடைத்தாள், சட்டையை மாற்றினாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் இவர் பக்கம் திரும்பினாள்.

"வேணும்னா செஞ்சீங்க மாமா? விடுங்க. தண்ணி குடிங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சே வரவில்லை. குட்டியை மட்டும் இவரோடு எங்கேயும் அனுப்பவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. முன்பக்கம் ஏறி ஏழு வாரமாகிவிட்டது என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், புகார் மேசையில் என் போன் டிங் என்றது. குடும்பக் குழுவில் புதுக் கட்டுரை. 'தன் குழந்தையை மறந்த தாயை நான் மன்னித்தேன்.'

பூட்டிய கார், வெயில், கண்ணாடியைத் தட்டும் பிஞ்சுக் கை, வாந்தி, எல்லாம் அப்படியே இருந்தது. மறந்தது மட்டும் தாய். கணவனைப் பிரிந்து வாழும் தாய், போனில் மூழ்கிய தாய். ஓடி வந்து கதவைத் திறந்தது, மாடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இந்த மகான். 'அவளைச் சபிக்க என் நா துடித்தது. ஆனால் குழந்தையின் கண்களில் கருணையைக் கண்டேன்' என்று முடித்திருந்தார். மாலைக்குள் முன்பக்கம். இரண்டாயிரத்து முந்நூறு கைதட்டல். 'நம்பிக்கை எழுத்தாளர்' என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பட்டை வேறு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "இது என்னங்க?"

"பேரு போடலையே."

"அவ காலடி மண்ணுக்குப் பெறுவீங்களா நீங்க? உங்கள ஒரு வார்த்தை சொல்லாம விட்டவ அவ."

"அந்த அனுபவத்துலேர்ந்துதான் எழுதினேன். ஆள மாத்திப் போட்டேன். இலக்கியத்துல அதெல்லாம் உண்டு. யாருக்குத் தெரியப்போவுது?"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று எழுத எனக்குக் கூசுகிறது. எழுதாமல் விட்டால் நானும் என் மேசைக்கு முன்னால் நின்று புளுகுகிற முப்பது பேரில் ஒருத்திதான். நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார். கத்தவில்லை. தட்டைக் கழுவி வைத்தார். வியாழக்கிழமை கூட வீடு அமைதியாக இருந்தது. தங்கை போன் செய்தபோது குட்டியின் புதுச் செருப்பைப் பற்றிப் பேசினேன். அவள் கட்டுரையெல்லாம் படிக்கிறவள் இல்லை, கைதட்டிவிட்டுப் போகிறவள். இதற்கும் கைதட்டியிருந்தாள். அதைப் பார்த்தும் சும்மா இருந்தேன். பதினொரு நாள்.

பன்னிரண்டாம் நாள் தங்கை போன் செய்தாள். குரல் அவள் குரலாகவே இல்லை. குட்டியின் விஷயமாக நீதிமன்ற ஆலோசகர் அறையில் மறுநாள் விசாரணை. அவள் கணவனின் வக்கீல் அந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். கூடவே, டாக்டர் சீட்டின் நகல். கட்டுரையில் இருக்கும் வெயிலும் வாந்தியும் அதிலும் இருக்கிறது. எழுதியது குழந்தையின் சொந்தப் பெரியப்பா. குடும்பக் குழுவில் அனுப்பியதும் அவரே.

"மாமாவ வரச் சொல்லு. வந்து நடந்தத நடந்த மாதிரி சொல்லச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

இவரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தார். குட்டியைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "தளத்தோட நாலாவது விதி என்னன்னு தெரியுமா உனக்கு?" என்றார். பொய்யான அனுபவத்தை எழுதியது தெரிந்தால் கணக்கையே நீக்கிவிடுவார்களாம். இருநூற்றுச் சொச்சம் கட்டுரையும் போய்விடுமாம்.

"போகட்டும்."

"அது என் தவம்!"

"குட்டி அவளோட உசிரு. உங்க தவத்தத் தூக்கி அடுப்புல போடுங்க."

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, அந்தத் தாய் ஒரு குறியீடு, மனித குலமே அந்தத் தாய் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் அறை சின்னது. ஒரு மேசை, ஆறு நாற்காலி, மூலையில் சக்கரம் இல்லாத பொம்மை லாரி. குட்டியைக் கீழே விளையாட்டு அறையில் விட்டிருந்தார்கள். தங்கை கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் அவள் கணவன், முதல் தடவையாகத் தலை வாரிக்கொண்டு. "வாங்க சகல" என்று கூட்டாளியை வரவேற்கிற மாதிரி இவரை வரவேற்றான். ஆலோசகர் ஐம்பது வயது அம்மாள். கட்டுரையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"இத நீங்கதான் எழுதினீங்களா?"

"நான் ஒரு கருவிதாங்கம்மா. அந்தத் தாய்ங்கிறது ஒரு குறியீடு..."

"குறியீடு எந்த ஸ்கூல்ல சார் படிக்குது? டாக்டர் சீட்டுல இந்தக் குழந்த பேரு இருக்கே."

இவர் தண்ணீர் கேட்டார். தங்கை இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. வாயைத் திறப்பார் என்று காத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வண்டியில விட்டது இவருங்க. நாப்பது நிமிஷம். என் தங்கச்சி கடையில லென்ஸ் தேச்சிட்டு இருந்தா, வருகைப் பதிவு இருக்கும், கேட்டுப் பாருங்க. கதவத் திறந்தது இன்னொரு டிரைவிங் மாஸ்டர். இவரு பெஞ்சில உக்காந்து கட்டுரை எழுதிட்டிருந்தாரு."

"சார்?" என்றார் ஆலோசகர்.

இவர் தலையைத் தூக்காமலே, "ஆமாங்க" என்றார். இடி என்று பெயர் வாங்கியவரின் குரல் பக்கத்து நாற்காலிக்கே எட்டவில்லை.

எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முதல் தாளில், 'கவனம் என்பது எவ்வளவு நுட்பமானது என்பதை வாழ்க்கை எனக்குக் கற்பித்த ஒரு தருணம்' என்று ஆரம்பித்தார். ஆலோசகர் அதை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தார். அதில் பாதிக்குமேல் வெயிலைப் பற்றி இருந்தது. மூன்றாவது தாளைக் கொடுத்து, "யாரு, எங்க, எத்தன நிமிஷம். அத மட்டும் எழுதுங்க சார்" என்றார். காப்பி ஆறுவதற்குள் ஆயிரம் வார்த்தை எழுதுகிற மனிதருக்கு அந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. எனக்கு இரக்கமே வரவில்லை.

கடையின் வருகைப் பதிவும் வந்தது, கதவைத் திறந்த பயிற்சியாளரும் போனில் சொன்னார். குட்டி அம்மாவிடமே இருக்கலாம் என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார். தங்கையின் கணவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

படி இறங்கும்போது ஞானிக்கு மூச்சு திரும்பிவிட்டது. "ஒண்ணு சொல்றேன் கேளு. எல்லாருக்கும் முன்னால உண்மைய ஒத்துக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும். இதையே நல்லா எழுதினா..." என்றார். படியிலேயே நின்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மீதியை முழுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கீழே தங்கை குட்டிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நல்லபடியா முடிஞ்சுதுடி" என்றேன். நான் பேசியதால்தான் முடிந்தது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன். அவள் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, அந்தக் கட்டுரை வந்த அன்னிக்கே நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

செருப்பு வாரை இழுத்து மாட்டினாள்.

"மாமா அப்படித்தான், அது எனக்குத் தெரியும். அவர அன்னிக்கே விட்டுட்டேன். நீ எங்கிட்ட செருப்பு என்ன கலருன்னு கேட்டுட்டிருந்தே."

"மன்னிச்சிருடி" என்றேன்.

"முடியலக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஆறு வயதுப் பெண்ணை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டார்கள், கனம். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டியபடி பத்தடி பின்னாலேயே போனேன். அவள் கொடுக்கவில்லை.